அத்தியாயம் 5: பூநாரைக்கு முன் தண்ணீர் – பழவேற்காட்டில் வழிகாட்டிப் பணி

ஐப்பசி மழை தொடங்கி மாசி வெயில் ஏறும்வரை பழவேற்காட்டுக்கு வருகிறவர்களில் பலரும் இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "பூநாரை எங்கே?" சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பானது. கையை நீட்டித் திசையைக் காட்டிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று வழிகாட்டியும் நினைத்துவிட்டால் அதுதான் தவறு. பார்வையாளர் பணியில் இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன. வந்தவர் வழி தெரியாமல் அலையாமல், குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் கிடைத்து, உயிருக்கு ஆபத்தில்லாமல் வீடு திரும்ப வேண்டும். தான் பார்த்தது என்ன என்பதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முதலாவது சேவை, இரண்டாவது கல்வி. பழவேற்காட்டில் இந்த இரண்டையும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏரியின் ஆழத்தையும் உப்பையும் முகத்துவாரத்தையும் விளக்கத் தெரிந்தவரால் பறவையையும் விளக்க முடியும், மீனவரின் தொழிலையும் விளக்க முடியும், விபத்தையும் தவிர்க்க முடியும். பறவையில் தொடங்குகிறவர் பெரும்பாலும் பறவையோடு நின்றுவிடுகிறார்.

ஏரி நடக்கும் விதம்

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளாங்கியும் வடக்கே சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன; பக்கிங்காம் கால்வாயும் இதன் வழியாகவே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் புகுந்து ஏரியின் உப்பு குறையும். மழை ஓய்ந்து கோடை முற்றும்போது நீர் ஆவியாகி, ஓரங்கள் வெடித்த உப்புத் தரையாகும்; மீந்த நீர் சில இடங்களில் கடல்நீரைவிடக் கரிக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஏரியைச் சமநிலையில் வைப்பது முகத்துவாரம். அது திறந்திருந்தால் ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வரும், வற்றத்தின்போது வெளியே போகும். அலை கொண்டுவந்து தள்ளும் மணல் அதை அடைத்துவிட்டால் ஏரி தேங்கிப்போகும்.

இவ்வளவையும் பார்வையாளருக்கு ஏன் சொல்ல வேண்டும்? அவர் பார்க்க வந்த பறவையின் இருப்பும், அந்தக் கரையில் வலை காயவைத்திருப்பவரின் பிழைப்பும் இதே கணக்கில்தான் அடங்கியிருக்கின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி, நுண்பாசியையும் சின்னஞ்சிறு நீருயிர்களையும் தின்னும் பறவை. அதன் சிவப்புக்குக் காரணமான நிறமியும் அந்த உணவிலிருந்தே வருகிறது. நீர் அதிகமாக நின்றால் அதனால் இரை தேட முடியாது. நீர் வற்றிவிட்டால் இரையே இராது. இறாலோ கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. அப்படி இடம்பெயரும் இறாலை எதிர்பார்த்துத்தான் மீனவர்கள் சுத்துவலை கட்டுகிறார்கள். வாய் அடைபட்டால் இறால் வரத்து குறையும், மடவையும் கொடுவாயும் குறையும். நீர்மட்டமும் உப்பும் மாறிப் பறவைகளும் இடம் மாறும். பறவைக்கு ஒரு கதை, மீனவருக்கு ஒரு கதை என்று பிரித்துச் சொன்னால் இந்த உறவு அறுந்துவிடும். தண்ணீரைப் பற்றிச் சொன்னால் இரண்டும் ஒரே கதையாக அமையும்.

இதற்குச் சிலிகா ஏரி நல்ல சான்று. 1981-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரி, மணலும் களையும் மூடி நலிந்ததால் 1993-இல் ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான மோன்ட்ரோ பதிவேட்டில் ஏற்றப்பட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. உப்பு திரும்பியது, மீன்வளம் தேறியது, 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து ஏரியின் பெயர் நீக்கப்பட்டது. பறவைகளுக்காக மட்டும் தனியே எதுவும் செய்து ஏரியை மீட்டுவிடவில்லை. வாயைச் சரிசெய்ததும் மற்றவை தொடர்ந்தன. பழவேற்காட்டிலும் மீனவர்கள் பல ஆண்டுகளாக வைத்துவந்த முதன்மையான கோரிக்கை முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பதுதான். பார்வையாளர் இதைத் தெரிந்துகொண்டு போனால், ஏரியைப் பற்றிய செய்தியை அடுத்த முறை நாளிதழில் பார்க்கும்போது அதன் பொருள் அவருக்கு விளங்கும். சூழல் கல்வியின் பயன் அதுதான்.

பாலை நிலக் காப்பிடங்களில் வேலை செய்வோர் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருக்கிறார்கள். அங்கே உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் நீர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் விடை ஒன்றுதான். அமெரிக்காவின் நெவாடாவில் 1984-இல் அமைந்த ஆஷ் மெடோஸ் காப்பிடத்தில், பார்வையாளர்களை ஊற்றுகளின் ஓரமாகப் பலகைப் பாதையில் நடத்திச் சென்று, அந்த ஊற்றுகளை நம்பி வாழும் சிறு மீன்களைக் காட்டுகிறார்கள். அந்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பிடங்களில் முன்னுரிமை பெறும் ஆறு பயன்பாடுகளில் சூழல் கல்வியையும் இட விளக்கத்தையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. நம் பூநாரைக்கும் பாலையோடு உறவு உண்டு. இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது 1986-இல் சரணாலயமான கட்ச் பாலைவனத்தில். அதுவும் உப்புத் தரையில் மழைநீர் தேங்கும் ஆண்டுகளில்தான். பழவேற்காட்டில் நிற்கும் பறவையைக் காட்டும்போது அந்தத் தொலைவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பறவைக்கு ஒரே ஒரு சரணாலயம் போதாது என்பது அப்போது பார்வையாளருக்குத் தானே விளங்கும்.

பூநாரை காட்டாவிட்டால் ஏமாற்றமா?

முதல் மறுப்பு இங்கேதான் வரும். காசு செலவழித்து வந்தவர் பூநாரையைத்தான் கேட்கிறார், அவருக்கு உப்பையும் ஓதத்தையும் பற்றிப் பாடம் நடத்தினால் முகம் சுளிக்க மாட்டாரா? சுளிப்பார், பாடமாக நடத்தினால். ஆனால் பூநாரையை முதலில் வாக்களிக்கிற வழிகாட்டியின் நிலை இதைவிட மோசமானது. நீர்மட்டத்துக்கு ஏற்பப் பறவைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் அண்ணாமலைச்சேரிப் பக்கம் தெரியும் கூட்டம், மறுவாரம் ஆந்திரப் பகுதிக்கு, சூளூர்ப்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா சாலையோரத்துக்குப் போய்விடலாம். வாக்குக் கொடுத்தவர் பறவையைத் துரத்த வேண்டியதாகிறது. துரத்தினால் பறவை எழும்பும். நெடுந்தூரப் பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் வலசைப் பறவையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால், அது தின்னும் நேரமும் போய், தின்றதும் வீணாகிறது. எனவே முன்பதிவின்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: பறவைகள் வரும் பருவம் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை, எந்த நாளில் எது தெரியும் என்று உறுதி கூற முடியாது, ஏரியின் உயிர்ப்பை எந்த நாளும் காட்ட முடியும்.

அதைக் காட்டும் முறையும் எளிதுதான். கரையில் நின்று, ஆழம் குறைந்த ஓரத்திலிருந்து உள்ளே நோக்கிப் பார்வையை நகர்த்தச் சொல்லுங்கள். ஈரச் சேற்றின் விளிம்பில் உள்ளான்கள் ஓடியோடிக் குத்தித் தின்னும். கணுக்கால் நீரில் கொக்குகள் நிற்கும். அதற்கு அப்பால் சாம்பல் நாரையும் சங்குவளை நாரையும். இன்னும் உள்ளே, மற்றவற்றின் கால் எட்டாத நீரில் பூநாரை. கால் எட்டாத இடத்தில் ஊசிவால் வாத்தும் கூழைக்கடாவும் மிதக்கும். மேலே ஆலாக்கள் வட்டமிடும். பறவைகளின் கால் நீளத்தை வைத்தே ஏரியின் ஆழத்தைப் படித்துவிடலாம் என்று பார்வையாளர் கண்டுகொள்ளும் தருணம்தான் உங்கள் விளக்கத்தின் மையம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை முன்வைத்து ஃப்ரீமன் டில்டன் 1957-இல் எழுதிய நூல் இந்தத் தொழிலில் இன்றும் படிக்கப்படுகிறது. தகவலைக் கொட்டுவது விளக்கமாகாது, கேட்பவரின் சிந்தனையைத் தூண்ட வேண்டும் என்பதே அதன் சாரம். எனவே பெயர்ப் பட்டியல் ஒப்பிப்பதைக் கைவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பறவை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது?" பூநாரை இல்லாத நாளில் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இன்று ஏன் இல்லை?" நீர்மட்டத்தை விளக்கியிருந்தால் இரண்டாவது கேள்விக்கும் அவரே விடை சொல்வார். ஏமாற்றமும் பாதியாகக் குறையும்.

படகு

2011 டிசம்பர் 25 அன்று, சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். இந்தப் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தத் தேதியை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்பது பலரை ஏமாற்றும் எண். முகத்துவாரத்தை நெருங்கினால் ஆழமும் மாறும், நீரோட்டமும் மாறும், கடல் அலையும் குறுக்கிடும். மீன்பிடிப் படகு வலையையும் அதை இழுக்கத் தெரிந்த சிலரையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. நீச்சல் தெரியாத, செல்பேசியை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்கு முன் 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. உயிரினங்களைப் பார்க்கப் போகும் படகில் அந்த ஆபத்து எப்போதும் கூடவே வரும், ஏனெனில் பார்க்க வேண்டியது எதுவோ அது ஒரு பக்கத்தில்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் திட்டத்தில் படகு நடுவில் இருக்கக் கூடாது. அனுமதியும் பதிவும் இல்லாத படகில் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். தெரிந்தவர், ஊர்க்காரர், ஐந்தே நிமிடம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அனுமதி உள்ள படகானாலும் ஏறுமுன் தலையை எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் கொடுக்காமல் மாட்டி, வாரை இழுத்துச் சரிபாருங்கள். உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்பதைக் கரையிலேயே சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். முகத்துவாரப் பக்கம் போகாதீர்கள். காற்று எழுவதாகப் படகுக்காரர் சொன்னால் அதோடு பயணம் முடிந்தது; பார்வையாளரின் மனக்குறை அதற்கு மேல் வராது. படகை ஒதுக்கினால் ஊருக்கு வருமானம் போகுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மீன் குறைந்த ஆண்டுகளில் அது இன்னும் கூர்மையாகும். ஆனால் படகு வருமானம் சில படகுக்காரர்களுக்கு மட்டும் போகும். ஒரு விபத்து நடந்தால் மொத்த ஊரின் பார்வையாளர் வரவும் நின்றுபோகும். கரைநடை, சாப்பாடு, பனையோலைப் பொருட்கள், 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் வரலாறு, தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறை ஆகியவற்றைச் சேர்த்து அரை நாள் திட்டமாக்கினால் பணம் பல வீடுகளுக்குப் பரவும்.

யார் சொல்வது?

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டுமென்றால், தண்ணீரை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். காற்றின் போக்கையும் ஏற்ற வற்றத்தையும் சேற்றின் தன்மையையும் அன்றாடம் கணித்துப் பிழைப்பவர் மீனவர். அவருக்குப் பறவைகளின் புத்தகப் பெயர் தெரியாது, ஆங்கிலம் வராது, வலசைப் பாதை பற்றி அறிவியல் தெரியாது என்ற மறுப்பு எழும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அறுபது எழுபது பறவைகளின் பெயரை இரண்டு பருவங்களில் கற்றுவிடலாம். ஏரியின் போக்கைப் பட்டதாரி ஒருவர் இரண்டு பருவங்களில் கற்க முடியாது. எது அரிதோ அதை அடிப்படையாக வைத்து, எளிதாகக் கிடைப்பதை அதன்மேல் சேர்ப்பதே முறை. சிலிகாவின் வடகரையில் மங்களஜோடி கிராமத்தில் பறவை வேட்டையாடியவர்களே 2000-இல் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். பறவை எங்கே உறங்கும், எந்தச் சத்தத்துக்கு எழும்பும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நடைமுறையில், ஊரின் மீனவர் ஒருவரையும் பேசிப் பழகிய இளைஞர் ஒருவரையும் இணையாக அனுப்புங்கள். இளைஞர் மொழிபெயர்ப்பாளராகச் சுருங்கிவிடக் கூடாது, மீனவர் காட்சிப் பொருளாகிவிடவும் கூடாது. கேள்வி தண்ணீரைப் பற்றியது என்றால் முதலில் பேசுவது மீனவர், அவ்வளவுதான் விதி.

வழிகாட்டி முறையை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையைத் தீர்க்கவும் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களின் மீனவர்கள், நல்ல வலையிடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி முறைவைத்துப் பகிரும் பாடு முறையைத் தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இன்று ஒருவருக்கு நல்ல இடம் கிடைத்தால் நாளை அது அடுத்தவருக்குப் போகும். வார இறுதிக் கூட்டமும் நல்ல வலையிடம் போன்றதுதான். அதையும் அப்படியே முறைவைத்துப் பகிரலாம். ஆனால் இந்த முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைக்க வேண்டாம். பாடு உரிமை எல்லோருக்கும் இல்லை. குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களைச் சுற்றியே அது அமைந்தது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஓலை முடையும் இஸ்லாமியப் பெண்களும் வரவில்லை. பார்வையாளர் பணி புதிதாகத் தொடங்குவது, பழைய எல்லைகளை அது சுமக்க வேண்டியதில்லை. சுழற்சி என்ற நெறியைப் பாடு முறையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பட்டியலை நீங்களே விரிவாக்குங்கள். சேற்றில் எந்த இடத்தில் இறால் பதுங்கும் என்று கையால் அறிந்தவர் சொல்லும் விளக்கத்துக்கு இணையாக எந்தப் பலகையும் நிற்காது.

சரணாலயம் என்றால் பயம்

ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழகப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாயின. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் நுழைவதையும் அங்கே செய்வதையும் கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அங்கே மீன் பிடித்தவர்களுக்கு, ஒவ்வொரு புதிய பலகையும் ஒரு புதிய தடையின் முன்னறிவிப்பாகத் தெரிகிறது. "மனிதனால் பறவைகளுக்கு ஆபத்து" என்று நீங்கள் பொதுவாகச் சொல்லும் வாக்கியம் சென்னைக்காரரின் காதில் நல்லுரையாக விழும். பக்கத்தில் நிற்கும் மீனவரின் காதில் தன்மேல் வைத்த குற்றச்சாட்டாக விழும். எனவே காரணங்களைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். முகத்துவாரத்தில் சேரும் மணல், ஆற்றோடு வரும் கழிவு, தெற்கே எண்ணூர் – காட்டுப்பள்ளிக் கரையின் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் பற்றி மீனவர்கள் எழுப்பும் கவலைகள் என எல்லாவற்றையும் சொல்லலாம். எது அளந்து அறிந்தது, எது இன்னும் வழக்காக இருப்பது என்று பிரித்துச் சொல்வது உங்கள் கடமை. அதே நேர்மையோடு கண்ணி சிறுத்த வலையையும், கரையில் வீசிய நைலான் வலையில் சிக்கும் பறவையையும் பேச வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கழுவி எடுத்தால் இரு தரப்பும் உங்களை நம்பாது.

மீனவருக்குப் பறவையால் என்ன பயன் என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. வேடந்தாங்கலில் பறவை எச்சத்தால் வளமான ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்தது. அதனால் உழவர்களே பறவைகளைக் காத்தார்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் தங்கள் உரிமைக்கு ஒப்புதலும் பெற்றார்கள். பழவேற்காட்டில் அப்படி நேரடியான பயன் எதுவும் இல்லை. பூநாரை மீனவரின் மீனைத் தின்பதில்லை. ஆனால் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தின்கின்றன. இதை மறுத்துப் பேசினால் ஊரில் சிரிப்பார்கள். இங்கே பறவையின் மதிப்பு வேறு: பறவைகள் திரளாக வந்து தங்குவது ஏரி உயிரோடு இருப்பதன் அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்க்க வெளியார் வருவதால், ஏரிக்காகப் பேசும் குரல்களின் எண்ணிக்கை கூடுகிறது. முகத்துவாரத்துக்காக ஊர் வைக்கும் கோரிக்கையோடு, அதைப் புரிந்துகொண்ட ஆயிரம் நகரத்தார் சேர்ந்தால் அது மீனவருக்கும் ஆதாயம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பாடங்கள்

நகரத்துப் பள்ளிக்கும் குப்பத்துப் பள்ளிக்கும் ஒரே பாடத்தைக் கொண்டுபோகாதீர்கள். நகரத்துப் பிள்ளை பூநாரையைத் திரையில் பார்த்திருக்கும். சேறு என்றால் அழுக்கு என்று நினைக்கும். அதற்குக் கரையும் வலையும் மீன் ஏலமும் பாடம். குப்பத்துப் பிள்ளைக்கு ஏரி தெரியும். ஆனால் தன் வீட்டு வாசலில் நிற்கும் உள்ளான் வடக்கே எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பைனாகுலரும் கைக்குக் கிடைத்திராது. அதற்கு வரைபடமும் பைனாகுலரும் பாடம். இரு வகுப்புக்கும் பொதுவாக ஒரு செய்முறை போதும். ஆற்று முனை, ஏரி நடு, முகத்துவாரம் ஆகிய மூன்று இடங்களின் நீரைப் பெரியவர்கள் பாட்டிலில் கொண்டுவரட்டும். உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியில் களிமண் அடைத்து ஒவ்வொன்றிலும் மிதக்கவிட்டு, நீர் தொடும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். உப்பு கூடக் கூடக் குழல் மேலே எழும்பும். இதையே கார்த்திகையிலும் சித்திரையிலும் செய்து தேதியோடு சுவரில் எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் அந்தப் பள்ளியிடம் வேறு எங்கும் கிடைக்காத ஒரு பதிவு இருக்கும். நீரை நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

பறவைகள் இல்லாத மாதங்களை விடுமுறையாக நினைக்க வேண்டாம். பள்ளிப் பதிவு, பயிற்சி, பாதைச் சீரமைப்பு, கழிப்பறைப் பழுது எல்லாம் அப்போதுதான் நடக்க வேண்டும். காணும் பொங்கல் கூட்டம் வந்தபிறகு தேடக் கூடாது. பணி நன்றாக நடக்கிறதா என்பதை வந்தவர்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். அந்த எண் கூடுவதே ஏரிக்குச் சுமையாகவும் மாறலாம். புறப்படும்போது இரண்டு கேள்விகள் கேட்டு, விடையைக் குறித்துவையுங்கள்: இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது? முகத்துவாரம் அடைபட்டால் யார் யாருக்கு நட்டம்? இரண்டாவதற்கு "பறவைக்கு" என்று மட்டும் விடை வந்தால் உங்கள் விளக்கம் பாதியில் நின்றிருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறையாவது ஊரின் மூத்த மீனவர் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, முழு நடையையும் கேட்கச் செய்யுங்கள். அவர் திருத்திய இடங்களை மறுநாளே மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் வழிகாட்டிக்கு அந்தத் திருத்தங்களே முதல் பயிற்சிக் கையேடு.